குழி மூன்றானாலும் எர்த் ஒன்றுதான்

சித்திரையில் தொடங்கும் கோடைமழையும் ஐப்பசி மழையும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடியோடு வருபவை. ஆனி, ஆடிச் சாரல் நாள்கணக்கில் பெய்தாலும் அதில் இடி குறைவு. இந்த இரண்டு இடிக்காலங்களை ஒட்டி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் எர்த் (மின்சாரத்தை மண்ணில் இறக்கும் இணைப்பு), மின்னல், திடீரென ஏறும் மின்னழுத்தம் ஆகியவை பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். ஊரும் தொழிலும் வேறாக இருந்தாலும் பல கடிதங்களில் ஒரே தவறான யோசனை திரும்பத் திரும்ப வருகிறது: ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எர்த், ஒன்றோடு ஒன்று சேரக் கூடாது என்பது. அது எவ்வளவு ஆபத்தானது என்பதை மார்த்தாண்டம் வாசகரின் கேள்விக்குக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

அருமனை வாசகர்: மேட்டில் வீடு, சுற்றிலும் ரப்பர். மேலே சரல் மண், கீழே வெட்டுக்கல். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு எர்த் செய்தோம். மூன்று வருஷம் கழித்து டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எர்த்தின் தடை 40 ஓம். இன்னும் ஒரு சாக்கு உப்புப் போட்டால் இறங்கிவிடும் என்கிறார் வயர்மேன். போடலாமா?

வேண்டாம். போட்டால் சில மாதங்களுக்கு இறங்கும், பிறகு பழைய இடத்துக்கே வரும். உங்கள் பக்கம் பெய்கிற மழைக்குச் சரல் மண்ணில் உப்பு நிற்காது, கரைந்து கீழே போய்விடும். போகிற போக்கில் குழாயின் துத்தநாகப் பூச்சையும் அரித்துவிட்டுப் போகும். மூன்று வருஷத்துக்கு முன் போட்ட குழாயைத் தோண்டிப் பார்த்தால் மேல் அரை மீட்டரில் துரு தெரியும்.

40 ஓம் வந்ததற்குக் காரணம் உங்கள் மண். மண்ணின் மின்தடைத்திறன் 100 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 மி.மீ. விட்டமுள்ள 2.5 மீட்டர் குழாய்க்குக் கணக்குப்படியே 35 ஓம் வரும். குழாயின் பருமனை இரட்டிப்பாக்கி 80 மி.மீ. போட்டால் 31 ஓம்தான் ஆகும். நீளத்தை இரட்டிப்பாக்கி 5 மீட்டர் இறக்கினால் 20 ஓமுக்கு வந்துவிடும். எர்த்தில் காசைப் பருமனில் போடாதீர்கள், நீளத்தில் போடுங்கள்.

உங்களுக்குக் கீழே வெட்டுக்கல் என்பதால் ஆழம் போவது கடினம். ஆழம் கிடைக்காத இடத்தில் பக்கவாட்டில் போகலாம். 25 × 3 மி.மீ. ஜி.ஐ. பட்டையை 15 மீட்டர் நீளத்துக்கு, அரை மீட்டர் ஆழச் சாலில் படுக்கவைத்துப் புதைத்தால் அதே மண்ணில் சுமார் 11 ஓம் கிடைக்கும். மேல்மண் மாசி, பங்குனியில் காய்ந்துவிடும் என்பதால் முக்கால் மீட்டர் ஆழம் நல்லது. ஒரே திசையில் 15 மீட்டர் ஓட்டுவதைவிட, குழாயிலிருந்து இரண்டு மூன்று திசைகளில் பிரித்து ஓட்டுங்கள். மின்னல் மின்னோட்டம் கண நேரத்தில் ஏறி இறங்குவது, நீண்ட ஒற்றைப் பட்டையின் கடைசி முனைவரை அது போய்ச் சேராது. அடுக்களைத் தண்ணீர் பாயும் பக்கம், வாழை நிற்கும் பக்கம் எப்போதும் ஈரம் இருக்கும், பட்டைக்கான பள்ளத்தை அந்தப் பக்கம் வெட்டுங்கள்.

குழாயே இன்னொன்று இறக்குவதானால் முதல் குழாயிலிருந்து அதன் நீளத்தைப்போல் இருமடங்கு தள்ளி, அதாவது 5 மீட்டராவது தள்ளி இறக்குங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய் வைத்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், பயன் பாதிதான். உப்பு, கரிக்குப் பதிலாகப் பெண்டோனைட் களிமண் போடுங்கள். 15 செ.மீ. அகலம், 3 மீட்டர் ஆழமுள்ள துளைக்கு சுமார் 50 லிட்டர் குழம்பு வேண்டும். தோசைமாவுப் பதத்தில் கரைத்து, அடியிலிருந்து இடைவெளி விடாமல் நிரப்ப வேண்டும். தூளைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் உள்ளே காற்றுப்பை நின்றுவிடும். பெண்டோனைட் ஈரத்தைப் பிடித்துவைக்கும், மழையில் கரைந்து போகாது.

அளப்பது பற்றி ஒன்று. பல இடங்களில் பேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் பிடித்து, எரிந்தால் எர்த் நல்லது என்கிறார்கள். 50 ஓம் எர்த்திலும் அந்தப் பல்பு நன்றாகவே எரியும், எர்த்தில் இழப்பது சுமார் 20 வோல்ட்தான், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு துணை முளை அடித்து அளக்கும் எர்த் டெஸ்டர்தான் சரியான வழி. அதையும் மழைக்காலத்தில் அளந்து திருப்தி அடையாமல், மாசிக் கடைசியில் அளந்து எழுதிவையுங்கள்.

நாகர்கோவில், வடசேரி வாசகர்: எர்த்தும் இருக்கிறது, எல்லா லைனுக்கும் எம்.சி.பி.யும் (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறது. பிறகு எதற்கு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் விழும் சுவிட்ச்)? ஒன்று மாட்டினோம், மழை வந்தாலே விழுகிறது. எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். மேலே அருமனை வீட்டின் 40 ஓம் எர்த்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கிரைண்டரின் உள்ளே பேஸ் வயர் உடம்பில் பட்டுவிட்டது. எர்த் வழியே ஓடும் மின்னோட்டம் 230-ஐ 40-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, மணிக்கணக்கில் விழாமல் நிற்கும். அதுவரை கிரைண்டரின் உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 'சி' வகை எம்.சி.பி. சட்டென்று விழ அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் வேண்டும், அதாவது 80 ஆம்பியருக்கு மேல். அதற்கு எர்த் 3 ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். நம் சரல் மேடுகளில் வீட்டு எர்த் அப்படி வருவது அரிது.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் 200 ஓம் ஆனாலும் அது கண நேரத்தில் விழுந்து உயிரைக் காக்கும். நம் வீடுகளில் மின்வாரியம் தருவது பேஸும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலும்தான், எர்த் நாமே குழி வெட்டிப் போட்டது. இந்த அமைப்பில் எம்.சி.பி. வயரைத்தான் காக்கும், ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. உள்ள வீட்டுக்கு 'ஏ' வகை ஆர்.சி.சி.பி. கேட்டு வாங்குங்கள்.

மழையில் விழுகிறது என்றால் எங்கோ நனைகிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால் ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றிக்கொண்டே வாருங்கள், விழ வைக்கும் லைன் அகப்பட்டுவிடும். பெரும்பாலும் கேட் விளக்கு, மாடிப்படி விளக்கு, கிணற்றடி மோட்டாரின் வயர் ஜாயின்ட், கீசரின் காயில் இவற்றில் ஒன்றாக இருக்கும். எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் பலர் ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று பொருள். மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். யு.பி.எஸ். லைனின் நியூட்ரல் மற்ற லைன்களின் நியூட்ரலோடு கலந்திருந்தாலும் இப்படி விழும். வயர்மேன் வந்தவுடன் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

எந்தப் பிளக் பாயின்டிலாவது எர்த் துளையையும் நியூட்ரலையும் சிறு வயரால் இணைத்திருந்தால் அன்றே அதை வெட்டி எடுத்துவிடுங்கள். நியூட்ரல் ஒருநாள் விட்டுப்போனால் அந்தப் பாயின்டில் இருக்கும் ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்துவிடும்.

தக்கலை வாசகர்: போன மாதம் காற்றும் மழையுமான இரவில் பல்பெல்லாம் பளீரென்று எரிந்தது. டி.வி., ஃபிரிட்ஜ், மோடத்தின் அடாப்டர் எல்லாம் போயிற்று. இடி இறங்கியிருக்கும் என்கிறார்கள். அடுத்த வீட்டில் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் இது இடி அல்ல, நியூட்ரல் விட்டுப்போனது. மின்னலால் வரும் ஏற்றம் மைக்ரோ வினாடிகளில் முடிந்துவிடும், பல்பு பளீரென்று எரிவதைக் கண்ணால் பார்க்க நேரம் இருக்காது. தெருக் கம்பியில் தென்னமட்டையோ ரப்பர்க் கிளையோ விழுந்து நியூட்ரல் அறுந்தால், மூன்று பேஸ்களில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்துவிடும். இரண்டு பேஸ்களுக்கு நடுவில் 400 வோல்ட் இருக்கிறது. அதிக லோடு ஓடும் பக்கம் வோல்டேஜ் குறையும், குறைந்த லோடு உள்ள பக்கம் 300-ஐத் தாண்டி ஏறும். உங்கள் பேஸில் அன்றிரவு லோடு குறைவு, அவ்வளவுதான். அடுத்த வீடு வேறு பேஸில் இருந்திருக்கும்.

இதற்கு எஸ்.பி.டி. எனும் மின்னல் தடுப்பானை (லைனில் திடீரென ஏறும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கருவி) மாட்டிப் பயனில்லை. மைக்ரோ வினாடிகளுக்குத்தான் அது செய்யப்பட்டது, நிமிடக்கணக்கில் 350 வோல்ட் நின்றால் அதுவே சூடாகி எரியும். உங்களுக்கு வேண்டியது வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் தானே துண்டிக்கும் ரிலே. மெயின் போர்டில், மீட்டருக்குப் பிறகு மாட்டலாம். மேல் எல்லையை 270, கீழ் எல்லையை 170 வோல்ட்டில் வையுங்கள். திரும்ப ஏறும் நேரத்தை 3 நிமிடமாக வைத்தால் ஃபிரிட்ஜின் கம்ப்ரசருக்கும் நல்லது.

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் இதே கோளாறு வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஓர் அறையில் விளக்கு மங்கி இன்னோர் அறையில் பிரகாசமானால், அல்லது மோட்டார் போட்டதும் விளக்கு பிரகாசமானால், ஒரு நொடியும் தாமதிக்காமல் மெயினை இறக்குங்கள். பிறகு மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். மீட்டருக்கு வரும் அலுமினிய சர்வீஸ் வயரைச் செம்புக் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தால் நியூட்ரல் விடுவது அங்கேதான். இரு உலோகத்துக்கான கனெக்டர் போட்டு மாற்றச் சொல்லுங்கள். நியூட்ரலில் பியூஸ் கேரியர் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேர்க்கட்டை வைக்க வேண்டும்.

மார்த்தாண்டம் வாசகர்: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். இடிதாங்கிக்கு ஒன்று, டி.சி.க்கு (பேனல் பக்கம்) ஒன்று, ஏ.சி.க்கு (வீட்டு மின்சாரப் பக்கம்) ஒன்று என மூன்று எர்த் குழி வெட்டினார்கள். மூன்றையும் எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது, வீட்டின் பழைய எர்த்தோடும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். 'நூறு மீட்டருக்குப் பாதுகாப்பு' என்று ஒரு விலையுயர்ந்த இடிதாங்கியும் வாங்கச் சொல்கிறார்கள்.

மூன்று குழி இருக்கட்டும், தவறில்லை. இணைக்கக் கூடாது என்பதுதான் தவறு. மின்னலின் முதல் வீச்சு சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவு இருக்கும். உங்கள் இடிதாங்கிக் குழி 10 ஓம் என்றால், மின்னல் இறங்கும் கணத்தில் அந்தக் குழியும் அதோடு இணைந்த கம்பியும் 3 லட்சம் வோல்ட்டுக்கு உயரும். 10 ஓம் என்பது நல்ல எர்த் என்று சான்றிதழில் எழுதப்படும் அளவு. அதிலேயே இப்படி. நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் ஏ.சி. எர்த் அந்த அளவுக்கு உயராமல் தாழ்வாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தொங்கும் லட்சக்கணக்கான வோல்ட் எங்கே பாயும்? இரண்டையும் தொடும் ஒரே பொருள், பேனலின் டி.சி.யை வீட்டின் ஏ.சி.யாக மாற்றும் உங்கள் இன்வெர்ட்டர். டி.சி. பக்கம் ஒரு எர்த், ஏ.சி. பக்கம் ஒரு எர்த், நடுவில் மெல்லிய சர்க்யூட் அட்டை.

மூன்றையும் இணைத்துவிட்டால் வீட்டின் எல்லா எர்த்தும் சேர்ந்து உயரும், சேர்ந்து இறங்கும். வெள்ளம் ஏறும்போது ஒரே தோணியில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்தே உயர்கிறார்கள், ஒரு கால் தோணியிலும் ஒரு கால் கரையிலும் வைத்தவன்தான் விழுகிறான். மின்னல் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 இந்தச் சமநிலை இணைப்பைத்தான் அடிப்படையாக வைக்கிறது. எத்தனை ஓம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

செய்ய வேண்டியது இது. மூன்று குழிகளையும் வீட்டின் பழைய எர்த்தையும் 25 × 3 மி.மீ. ஜி.ஐ. பட்டையால் நிலத்தடியில், அரை மீட்டர் ஆழத்தில் இணையுங்கள். வீட்டுச் சுவரில் மெயின் போர்டுக்கு அருகே ஒரு செம்புக் கட்டை வைத்து, அந்தப் பட்டையிலிருந்து ஒரு இணைப்பை அங்கே கொண்டுவாருங்கள். இன்வெர்ட்டரின் எர்த், போர்டின் எர்த், கேபிள் டி.வி. வயரின் வலைக்கவசம், போர்வெல்லின் இரும்பு கேசிங் எல்லாம் அந்தக் கட்டைக்கு வரட்டும். இடிதாங்கியின் கம்பி மட்டும் மாடியிலிருந்து வெளிச்சுவர் வழியாக நேரே தன் குழிக்கு இறங்கட்டும், மற்ற எர்த்துகளோடு அது சேர்வது நிலத்தடியில்தான். ஆய்வுக்கு வருபவருக்குக் குழி மூன்று தெரியும். உங்கள் வீட்டுக்கு எர்த் ஒன்றுதான்.

இடிதாங்கி விஷயத்தில் உங்கள் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் ஆரம் என்று அவர்கள் சொல்வதை அந்த 62305 தரம் ஏற்கவில்லை, அப்படிப்பட்ட கருவியையும் சாதாரண ஈட்டிக் கம்பியாகத்தான் அது கணக்கில் எடுக்கும். தரத்தின் கணக்கு உருளும் கோளக் கணக்கு. மூன்றாம் நிலைப் பாதுகாப்புக்கு 45 மீட்டர் ஆரமுள்ள கோளம் வீட்டின்மேல் உருள்வதாக வைத்துக்கொண்டு, அது தொடாத இடத்தைப் பாதுகாப்பான இடம் என்கிறோம். மொட்டைமாடிக்கு மேல் 3 மீட்டர் உயரும் ஒரு கம்பி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் பேனல் விளிம்பைச் சுமார் நாலரை மீட்டர் தூரம்வரைதான் காக்கும். ஆகவே ஒரு விலையுயர்ந்த கம்பியைவிட, பேனல் வரிசையின் இரு முனைகளிலும் இரண்டு சாதாரணக் கம்பிகள் மேல். கம்பிக்கும் பேனல் சட்டத்துக்கும் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி விடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் இரண்டையும் மாடியிலேயே இணைத்துவிட வேண்டும், அப்போது டி.சி. பெட்டியில் முதல் வகை எஸ்.பி.டி. (நேரடி மின்னலையே தாங்கும் வகை) தேவை. கம்பியின் நிழல் பேனலில் விழாதபடி வடக்குப் பக்கம் வைப்பது நல்லது.

பேனலின் அலுமினியச் சட்டத்தில் இருக்கும் ஆக்சைடு பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பல் வாஷர் போட்டு, அது பூச்சைக் கிழித்துப் பிடிக்கும்படி எர்த் வயரை முடுக்க வேண்டும். பேனலிலிருந்து வரும் பிளஸ், மைனஸ் வயர்களை ஒன்றாக ஒட்டியே கொண்டுவாருங்கள். அவை பிரிந்து வளையம்போல் போனால் அந்த வளையமே மின்னலின் காந்தப்புலத்தைப் பிடிக்கும் ஆன்டெனா ஆகிவிடும். டி.சி. எஸ்.பி.டி.யின் வோல்டேஜ், பேனல் தொடரின் திறந்த சுற்று வோல்டேஜைப்போல் (லோடு இல்லாதபோது வரும் வோல்டேஜ்) 1.2 மடங்குக்குக் குறையக் கூடாது. 540 வாட் பேனல் 6 என்றால் தொடர் 300 வோல்ட்டை ஒட்டி வரும், 1.2 மடங்கு 360. 600 வோல்ட் எஸ்.பி.டி. போதும். 'பெரிது நல்லது' என்று 1000 வோல்ட் வாங்கினால், அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் இன்வெர்ட்டர் போய்விடும். பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் வயர் நீளம் 10 மீட்டரைத் தாண்டினால் இரண்டு முனையிலும் எஸ்.பி.டி. வேண்டும்.

குலசேகரம் வாசகர்: கடையில் எஸ்.பி.டி. கேட்டால் பல விலையில் காட்டுகிறார்கள். எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

வீட்டில் இடிதாங்கி இருந்தால் மெயின் போர்டில் முதல் வகையும் இரண்டாம் வகையும் சேர்ந்தது வாங்குங்கள், 10/350 அலைக்கு (நேரடி மின்னலைப்போல் சோதிக்கும் அலை) 12.5 கிலோ ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். இடிதாங்கி இல்லாத வீட்டுக்கு இரண்டாம் வகை போதும்: 8/20 அலைக்கு (லைன் வழியே வரும் ஏற்றத்தைப்போல் சோதிக்கும் அலை) சாதாரண அளவு 20, உச்ச அளவு 40 கிலோ ஆம்பியர். எஸ்.பி.டி. தொடர்ந்து தாங்கும் வோல்டேஜ் 275 என்று இருப்பதைவிட 320 நல்லது, நம் ஊர் லைனில் இரவில் ஏறும் வோல்டேஜை அது தாங்கும்.

நமக்கு வேண்டிய அமைப்பு ஒன்று கூட்டல் ஒன்று. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு வேரிஸ்டர் (வோல்டேஜ் மிஞ்சி ஏறினால் மட்டும் கடத்தும் பாகம்), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அதே வேலையைச் செய்யும், வாயு அடைத்த சிறு குழாய். மும்முனைக்கு மூன்று கூட்டல் ஒன்று. பேஸிலிருந்து எர்த்துக்கு நேராக வேரிஸ்டர் இருக்கும் வகையை வாங்கினால், அது கெட்டு ஷார்ட் ஆகும் நாளில் எர்த்தின் 40 ஓம் வழியே சில ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், பியூஸும் போகாது, வீட்டின் எர்த் முழுக்க மின்சாரம் நிற்கும். மாட்டும் இடம் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால். எஸ்.பி.டி.க்கு முன்னால் எந்த அளவு பியூஸ் வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், அதை மீறாதீர்கள்.

நல்ல பொருள் வாங்கியும் பலன் இல்லாமல் போவது வயர் நீளத்தால். மின்னல் ஏற்றத்தில் ஒரு மீட்டர் வயரில் சுமார் 1000 வோல்ட் நிற்கும். எஸ்.பி.டி. 1500 வோல்ட்டில் கட்டுப்படுத்துகிறது, அதற்குப் போய் வரும் வயர் 2 மீட்டர் என்றால் உங்கள் டி.வி. பார்ப்பது 3500 வோல்ட். வீட்டுக் கருவிகள் தாங்கும்படி செய்யப்படுவது 2500 வரைதான். பேஸ் வயரும் எர்த் வயரும் சேர்த்து மொத்தம் 50 செ.மீ.க்குள் முடிய வேண்டும். வயரைச் சுருட்டிக் கட்டி அழகாக வைக்காதீர்கள், நேராகப் போகட்டும். 6 சதுர மி.மீ. செம்பு, முதல் வகைக்கு 16. மெயின் வயரையே எஸ்.பி.டி. முனையைத் தொட்டுவிட்டு அடுத்து போகும்படி கட்டினால் இன்னும் நல்லது. அங்கிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கருவிக்கு அருகில் இன்னொன்று வேண்டும்.

எஸ்.பி.டி.யின் சிறு சன்னலில் பச்சை இருக்கும்வரை உயிர் இருக்கிறது. சிவப்பு ஆனால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். ஒவ்வொரு இடி மழைக்குப் பிறகும் போர்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள்.

முட்டம் வாசகர்: கடலோர வீடு. எர்த் வயர் இரண்டு வருஷத்தில் பச்சை பூத்து அறுந்துவிடுகிறது.

பச்சை பூப்பது செம்பு, ஆனால் தின்னப்படுவது அதோடு சேர்ந்த ஜி.ஐ. குழாயும் நட்டும். உப்புக் காற்றில் இரண்டு உலோகம் தொட்டால் அந்த இடமே சிறு பேட்டரி ஆகி, துத்தநாகமும் இரும்பும் கரையும். குழியிலிருந்து போர்டுவரை ஒரே உலோகமாக வைப்பதுதான் நிரந்தர வழி. உங்களுக்குச் செம்புப் பூச்சு 250 மைக்ரான் உள்ள ராடும், பித்தளை அல்லது கன்மெட்டல் கிளாம்பும், வெள்ளீயம் பூசிய லக்கும் (வயர் முனையில் மாட்டும் கண்ணி) ஏற்றவை. ஜாயின்ட்டை முடுக்கியபின் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய டேப்பைச் சுற்றுங்கள்.

கடற்கரையில் மேல் மணல் காய்ந்து கிடக்கும், அது மின்சாரத்தைக் கடத்தாது. ஊற்றுநீர் மட்டம்வரை ராடு இறங்கினால் உப்புக் கலந்த ஈரம் கிடைத்து ஓம் சடாரென்று குறையும். கிணற்றில் கோடையில் நீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று பார்த்து, அதற்குக் கீழே 1 மீட்டராவது போகும்படி 3 மீட்டர் ராடுகளைக் கப்ளிங் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடியுங்கள். மண்ணுக்குள் நுழையும் இடத்தில்தான் அரிப்பு அதிகம், மேலே 30 செ.மீ., கீழே 30 செ.மீ. அளவுக்குப் பி.வி.சி. குழாயால் மூடிவிடுங்கள்.

கடலோர ஆலயக் குழுவிலிருந்து: கோபுரத்தில் இடிதாங்கி இருந்தும் ஆம்ப்ளிஃபையரும் கேமராக்களும் இரண்டு முறை போயின.

கோபுரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரும் கேமராவும் இருந்தால் அவற்றின் வயர்கள் மின்னலுக்கு இரண்டாவது வழி. இடிதாங்கியின் கம்பியும் ஸ்பீக்கர் வயரும் ஒரே சுவரில் இறங்கினால் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அறைக்குள் வருகிறது. திருவிழா நேரத்தில் சீரியல் லைட் தோரணத்தை இடிதாங்கிக் கம்பியிலேயே கட்டுவதையும் நிறுத்த வேண்டும்.

கோபுரத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இறக்கக் கம்பிகள் வேண்டும், ஒன்று போதாது. 50 சதுர மி.மீ.க்குக் குறையாத பட்டை, 1 மீட்டருக்கு ஒரு பிடி, அலங்கார விளிம்பைச் சுற்றி 'ப' வடிவில் வளைக்காமல் நேராக. அலுமினியப் பட்டையைச் சிமென்டிலோ மண்ணிலோ புதைக்காதீர்கள், அரித்துப் பொடியாகிவிடும். பெயின்ட் அடிக்கும்போது கழற்றி மாட்டும் பிடிகள் தளர்ந்திருக்கும், ஒவ்வொரு பெயின்ட்டுக்குப் பிறகும் டெஸ்ட் ஜாயின்ட்டில் (சோதனைக்காகக் கழற்றும் இணைப்பு) கம்பி எங்கும் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் நிற்கும் இடம் என்பதால் கீழே 3 மீட்டர் உயரத்துக்குக் கம்பியைத் தடித்த பி.வி.சி.யால் மூடி, சுற்றிலும் 3 மீட்டருக்கு 15 செ.மீ. கனத்தில் ஜல்லி பரப்புங்கள். ஸ்பீக்கர், கேமரா வயர்கள் கோபுரத்தைவிட்டு உள்ளே நுழையும் இடத்தில் அவற்றுக்கான எஸ்.பி.டி. வைத்து, இடிதாங்கியின் எர்த்தோடு அதை இணையுங்கள். இடி கேட்கும்போது மணிக்கயிற்றை யாரும் பிடிக்க வேண்டாம்.

குளச்சல் வாசகர்: ஃபைபர் படகில் வி.எச்.எஃப். வயர்லெஸ் ஆன்டெனா வைத்திருக்கிறோம். இடிதாங்கி வைக்க முடியுமா?

முடியும். ஆன்டெனாவைவிட உயரமாக ஒரு அலுமினியக் குழாயோ செம்பு ராடோ வைத்து, அதிலிருந்து 25 சதுர மி.மீ. செம்புக் கம்பியை நேராக இறக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே வெளிப்புறம் பதித்த 30 × 30 செ.மீ. செம்புத் தகட்டில் முடியுங்கள். எஞ்சினின் உடம்பையும் டீசல் டேங்கையும் அதே தகட்டோடு இணையுங்கள். இது படகு துளைபடாமல் காக்கும், ஆட்களைக் காப்பது தாழ்ந்து உட்கார்வதும் கம்பியிலிருந்து விலகி இருப்பதும்தான். இடி, மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியைக் கரையை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள்.

திருவட்டாறு வாசகர்: சுவிட்சை அணைத்தால் போதாதா, பிளக்கைப் பிடுங்க வேண்டுமா? இடி விழுந்தவரைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

பிடுங்க வேண்டும். சுவிட்சின் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், அதுவும் பேஸில் மட்டும். ஆயிரக்கணக்கான வோல்ட் அதைத் தாண்டிவிடும். கேபிள் டி.வி. வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் இணையத்தின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் அதைத் தாங்கி வரும் எஃகுக் கம்பி கடத்தும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இதையெல்லாம் இடி தொலைவில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும், தலைக்கு மேல் வந்தபின் பிளக்கைத் தொடப் போகாதீர்கள். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவில் 30 வினாடிக்குள் என்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுப்பவர்களும் தென்னையில் ஏறியவர்களும் அப்போதே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே போகக் கூடாது. பசுவையும் மரத்தடியில் கட்டாதீர்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் தூரம் அதிகம் என்பதால், மரத்தின் வேரில் பரவும் மின்னோட்டம் மனிதனைவிட அதை எளிதில் கொல்லும்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது, உடனே தொடலாம். மூச்சும் நாடியும் நின்றவரைக்கூடக் காப்பாற்ற முடியும். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து 5 செ.மீ. இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். பலர் ஒன்றாகத் தாக்கப்பட்டிருந்தால் முனகுகிறவரை விட்டு, அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் போங்கள். அறுந்த மின்கம்பியில் மாட்டியவர் என்றால் இது பொருந்தாது. மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை அவரைத் தொடக் கூடாது.